ஓரம் யாருக்குச் சொந்தம்? லெகோ கடைவீட்டு வரிசையும் 16 குமிழ் விதியும்

வாசகர் கேள்வி, 2024 பிப்ரவரி 11

அண்ணா, உங்கள் லெகோ குழுவில் சேரலாம் என்று விதிமுறைத் தாளை வாங்கிப் படித்தேன். அகலம் 16 அல்லது 32 குமிழ் (செங்கல்லின் மேல் இருக்கும் வட்ட மொட்டு), நடைபாதை இத்தனை குமிழ், துளை இந்த இடத்தில், தரை உயரம் இவ்வளவு என்று பள்ளிச் சீருடை மாதிரி இருக்கிறது. இஷ்டப்படி கட்டுவதற்குத்தானே லெகோ? சிங்கப்பூர் தேக்காவில் என் தாத்தா வேலை பார்த்த மளிகைக் கடைவீட்டை (கீழே கடை, மேலே வீடு) 19 குமிழ் அகலத்தில் ஏறக்குறைய முடித்துவிட்டேன். அதைக் குறைக்கச் சொல்வீர்களா? இப்படி விதி போட்டால் எல்லார் கட்டடமும் ஒரே அச்சாகிவிடாதா?

பிப்ரவரி 11, இரவு

ஆகாது தம்பி. அந்தத் தாளில் இருக்கும் விதி எல்லாம் ஓரத்துக்குத்தான். நடுவில் என்ன செய்தாலும் யாரும் கேட்கமாட்டோம். மூன்று மாடி போடுங்கள், கூரையில் புறாக்கூண்டு வையுங்கள், சுவருக்கு ஊதா அடியுங்கள். ஆனால் பக்கத்துக் கடையைத் தொடுகிற இடம் உங்களுக்கு மட்டும் சொந்தமில்லை. அந்தக் கடையைக் கட்டுகிறவர் ஈசூனில் இருக்கிறார், நீங்கள் ஜூரோங்கில் இருக்கிறீர்கள். கண்காட்சி நாள் காலை எட்டு மணிக்குத்தான் இரண்டு கட்டடமும் முதல்முறை சந்திக்கின்றன. அப்போது ஒரு குமிழ் இடித்தாலும் உட்கார்ந்து பிரித்துக் கட்ட நேரம் கிடையாது.

விதிகளும் நாங்களாக யோசித்தவை இல்லை. பக்கச் சுவரின் அடியில் டெக்னிக் துளை (துளையுள்ள செங்கல்) வைத்து, அதில் சிறு இணைப்பு ஆணியைச் செருகி, கட்டடத்தைக் கட்டடத்தோடு கோர்க்கும் முறை 2007இல் வந்த கஃபே கார்னர் பெட்டியிலிருந்து வந்தது. அடித்தளத்தை ஒரு செங்கலும் ஒரு பிளேட்டும் (மெல்லிய தட்டு) உயர்த்துவது ஸ்பெயின் ரசிகர்கள் வகுத்த மில்ஸ் முறை. உயர்த்தினால்தான் சாலைக்கு அடியில் ஒயர் ஓட்டலாம், கால்வாயும் தோண்டலாம்.

ஒருவர் தரையை உயர்த்தி, பக்கத்தில் இருப்பவர் உயர்த்தாமல் வந்தால் 12.8 மில்லிமீட்டர் வித்தியாசம். மினிஃபிக் பொம்மையின் கணக்கில் அது முக்கால் ஆள் ஆழமில்லை என்றாலும் இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே. சாலையில் நடந்து வருகிறவன் அங்கே விழுந்துவிடுவான்.

19ஐ 16 ஆக்குங்கள். வேறு வழியில்லை.

பிப்ரவரி 12

"அப்படியென்ன 32" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். மேசைதான் காரணம்.

ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் 8 மில்லி. 32 குமிழ் பேஸ்பிளேட், அதாவது கட்டடம் நிற்கும் அடித்தட்டு, 25.6 செண்டிமீட்டர். மடக்கு மேசை ஆறடி நீளம், இரண்டரை அடி அகலம், அதாவது 183க்கு 76.2 செண்டிமீட்டர். நீளவாக்கில் ஏழு பிளேட் வைத்தால் 179.2; மூன்றரை செண்டிமீட்டருக்குச் சற்று மேலே மிச்சம். அகலவாக்கில் மூன்று பிளேட் 76.8, பக்கத்துக்கு 3 மில்லி வெளியே நீட்டும், பரவாயில்லை. சாதாரண வளைவு ரயில்பாதை 16 துண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். அந்த வட்டத்துக்கு வெளிக்கட்டைகளோடு சேர்த்து 88 குமிழ் வேண்டும். மூன்று பிளேட்டில் 96 குமிழ். ஆக ஒரு மேசை அகலத்துக்குள் ரயில் அழகாகத் திரும்பிவிடும். நான் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்த அன்று அவ்வளவு சந்தோஷம், யாரோ நமக்காக அளந்து வைத்த மாதிரி.

மேசை மாறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு கடைத்தொகுதியில் காட்சி வைத்தோம். இரண்டரை அடி மேசை பத்து கேட்டிருந்தோம். வந்து பார்த்தால் ஆறு சரியானவை, நான்கு இரண்டடி மேசைகள். இரண்டடி என்றால் 61 செண்டிமீட்டர். இரண்டு பிளேட் போக, மூன்றாவது பாதி காற்றில் தொங்கும். அதோடு கால்களும் ஒரே உயரம் இல்லை. இரண்டு மேசை சேரும் இடத்தில் 4 மில்லி படி. ரயில் அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மூன்றாவது பெட்டி தடம்புரண்டது. அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்து மடித்து மேசைக்கால் அடியில் வைத்து, மட்டம் பார்த்து, மறுபடி ஓட்டி, மறுபடி மடித்து, பதினொரு மணி ஆகிவிட்டது. பிள்ளைகள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறார்கள். அன்றிலிருந்து என் பையில் மெல்லிய பலகைத் துண்டுகள் எப்போதும் இருக்கும்.

பிப்ரவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே "இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே" என்று எழுதியதை இப்போதுதான் அளந்தேன். மினிஃபிக்கின் உயரம் சுமார் 4 செண்டிமீட்டர். 12.8 மில்லி அதில் மூன்றில் ஒரு பங்கு. முழங்காலுக்கு மேல் என்பதுதான் சரி. விழுவது விழுவதுதான்.

பிப்ரவரி 18

ஆறு செங்கல்லை 10 கோடி விதமாகச் சேர்க்கலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய கணக்கு. இரண்டுக்கு நான்கு குமிழ் உள்ள, ஒரே நிறச் செங்கல் ஆறு எடுத்துக்கொண்டு, ஒன்றின்மேல் ஒன்றாக ஆறடுக்குக் கோபுரமாகக் கட்டும் விதங்களை மட்டும் எண்ணினால்தான் அந்த 10 கோடி சொச்சம். பக்கவாட்டில் பரப்பியும் கட்டலாமே. டென்மார்க் கணித ஆய்வாளர் சோரன் ஐலர்ஸ் கணினியில் எண்ண வைத்தபோது வந்தது 915,103,765.

இத்தனைக்கும் அந்த ஆறு செங்கலும் 8 மில்லி என்ற ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை. 1958இல் காப்புரிமைக்குப் பதிந்த அந்தப் பிடிமானம் மாறாததால்தான், இன்னொருவர் வீட்டு அலமாரியில் கிடக்கும் பழைய செங்கல் என் புதுச் சுவரில் உட்காருகிறது. தம்பி, "ஒரே அச்சு" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இந்த எண்தான்.

மார்ச் 3

கடைவீட்டுக்கு ஏன் 16 என்று எழுதியே ஆகவேண்டும். இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு.

4 செண்டிமீட்டர் மினிஃபிக் ஒரு சராசரி ஆள் என்றால் உலகத்தை 42இல் ஒரு பங்காகச் சுருக்குகிறோம். அப்போது ஒரு குமிழ், 8 மில்லி, நிஜத்தில் 33.6 செண்டிமீட்டர். ஏறக்குறைய ஒரு அடி! சிங்கப்பூர்க் கடைவீட்டின் முகப்பு பெரும்பாலும் 16, 18 அடி. மர உத்திரம் கிடைக்கும் நீளத்துக்குத்தான் வீட்டு அகலம் வைத்தார்கள். அதனால் 32 குமிழ் பிளேட்டில் பாதி போட்டால் ஒரு கடைவீடு அப்படியே உட்காருகிறது. ஐந்தடி நடைபாதைக்கு ஐந்து குமிழ். புதிதாகச் சேரும் பிள்ளைகள் இதை ஒருமுறை கேட்டால் மறப்பதே இல்லை.

எங்கள் தாளில் நடைபாதை 4 குமிழ் என்று இருக்கிறது. தூணுக்கு ஒரு குமிழ் போய்விட்டால் மூன்றில் மினிஃபிக் நடக்கலாம், ஆனால் எதிரே இன்னொரு ஆள் வந்தால் ஒதுங்க முடியாது. ஐந்தாக மாற்றச் சொல்லிக் குழுவில் கேட்கப் போகிறேன். பழைய கட்டடங்கள் பன்னிரண்டு இருக்கின்றன, அத்தனையும் முகப்பைப் பின்னுக்குத் தள்ளவேண்டும். சண்டை வரும்.

மார்ச் 10

வந்தது. ஐந்து நிறைவேறிவிட்டது. என் பங்குக்கு நான்கு கட்டடங்களைப் பிரிக்கிறேன்.

மார்ச் 24

பந்து இயந்திரம் பற்றிக் கேட்டவருக்கு. அதை ஜிபிசி என்று சொல்வார்கள். வெவ்வேறு ஆட்கள் கட்டிய இயந்திரங்களை வரிசையாக வைத்து, சிறு பந்துகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்துவது. ஸ்டீவ் ஹாசன்பிளக் வகுத்த விதி சின்னது: பந்தை வாங்கும் தொட்டி ஒன்று இருக்கவேண்டும், சராசரியாக நொடிக்கு ஒரு பந்து தள்ளவேண்டும், மொத்தமாகக் கொட்டினால் ஒரு தடவைக்கு 30 பந்துக்குமேல் கூடாது. அவ்வளவுதான். உள்ளே ஏணி வைத்தாலும் சரி, ராட்டினம் வைத்தாலும் சரி. எங்கள் குழுவில் ஒரு அக்கா பந்தைக் கோப்பி ஆற்றுகிற மாதிரி ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஊற்ற வைத்தார். கூட்டம் அந்த ஒன்றைவிட்டு நகரவே இல்லை. வாங்குகிற இடமும் கொடுக்கிற இடமும் ஒழுங்காக இருந்ததால்தான் நடுவில் அவர் இஷ்டத்துக்கு விளையாட முடிந்தது.

ஜூன் 9

சமூக மன்றத்தில் இரண்டு நாள் காட்சி முடிந்தது. கால் வலிக்கிறது, ஆனால் இதை எழுதாமல் தூக்கம் வராது.

எங்கள் உறுப்பினர் ஒருவர் புக்கிட் தீமா இரும்புப் பாலத்தைக் கட்டியிருந்தார். 2011இல் தஞ்சோங் பகார் நிலையம் மூடும்வரை மலாயா ரயில் போன பாலம். பெரியவர் ஒருவர், எண்பதுக்கு மேலிருக்கும், அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். அப்புறம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, கண்ணைத் தண்டவாளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவந்தார். "பாதை அகலமா இருக்கே" என்றார்.

ரயிலில் வேலை பார்த்தவராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. லெகோ தண்டவாளத்தின் இடைவெளி சுமார் 37.5 மில்லி. 42ஆல் பெருக்கினால் ஒன்றரை மீட்டருக்குமேல். மலாயா ரயில் மீட்டர் கேஜ், அதாவது இடைவெளி ஒரு மீட்டர். நம் அளவில் 24 மில்லி, சரியாக மூன்று குமிழ்தான் இருக்கவேண்டும். இத்தனை வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

"கடையில் கிடைக்கிற பாதை இதுதாங்க தாத்தா" என்றேன். தலையாட்டினார். பிறகு நிலையத்தைப் பார்த்துவிட்டு, "வளையம் எங்க?" என்று கேட்டார். ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வராது என்பதற்கு ஓட்டுநர் கையில் கொடுக்கும் டோக்கன், அதைக் கோர்த்த பெரிய வளையம். புக்கிட் தீமா நிலையத்தில் கடைசிவரை அது கைமாறியது. நாங்கள் வைக்கவில்லை. டெக்னிக் பெட்டியில் சிறிய ரப்பர் வளையம் ஒன்று இருந்தது. அதை எடுத்து நிலைய அதிகாரி பொம்மையின் கையில் மாட்டினேன். கை கொஞ்சம் தூக்கியிருக்கவேண்டும் என்றார். தூக்கினேன். "இன்னும்" என்றார். தோளுக்கு மேலே போனதும் போதும் என்று கைகாட்டினார்.

ஜூன் 10

இரண்டாம் நாள் நடந்ததைத் தனியாக எழுதுகிறேன், ஏனென்றால் இது விதியையே மாற்றப்போகிறது.

பேரனோடு வந்த பாட்டி ஒருவர் எங்கள் கடைவீட்டு வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்துக்கொண்டே நடந்தார். எட்டு கடை. நடைபாதை முழுக்க டைல் போட்டு ஒரே மட்டத்தில் வழுவழுவென்று இருந்தது. நாங்கள் அதில் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம். பாட்டி சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க காலத்துல இப்படி நேரா நடக்க முடியாதுப்பா. ஒரு கடைக்கு ஏறணும், அடுத்த கடைக்கு இறங்கணும். பால் குடத்தோட நடந்தா பார்த்துத்தான் கால் வைக்கணும்."

உண்மைதானே. இன்றைக்கும் பழைய வரிசைகளில் நடந்தால் கடைக்குக் கடை தரை மாறும், ஓடு மாறும், படி வரும். தேக்காவில் வாரம் ஒருமுறை நடக்கிறேன், என் காலுக்குத் தெரிந்தது என் கட்டடத்துக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு மெல்லிய பிளேட்டின் உயரம் 3.2 மில்லி. 42ஆல் பெருக்கினால் 13.4 செண்டிமீட்டர், ஐந்தேகால் அங்குலம். ஒரு படி!

ஜூன் 30

குழுவில் பேசினோம். புதிய விதி: ஆணித் துளை, சாலை ஓரம், பிளேட் விளிம்பு மூன்றும் பழையபடி. நடைபாதையின் தரை மட்டும் ஒரு பிளேட் ஏறலாம் அல்லது இறங்கலாம். பக்கத்துக் கடைக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லவேண்டாம். படி வந்தால் வரட்டும்.

தரையை எல்லோரும் ஒரே உயரத்தில் வைக்கவேண்டும் என்று பிப்ரவரியில் அடித்துச் சொன்னவன் நான்தான். அடித்தளத்துக்கு அது இன்னமும் சரி. நடைபாதைக்குச் சொன்னது தவறு. எது ஓரம், எது ஓரமில்லை என்பதை நான் சரியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

ஜூலை 14

ஐந்தடி நடைபாதையே ஒரு விதியில் பிறந்ததுதான் என்று ஒரு வாசகர் நினைவூட்டினார், நன்றி. 1822இல் ராஃபிள்ஸ் நகரத் திட்டத்துக்குக் கொடுத்த உத்தரவில், வீட்டுக்கு முன்னால் கூரையோடு, தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்திருக்கும் நடைவழி இருக்கவேண்டும் என்று வருகிறது. வழி திறந்திருக்க வேண்டும் என்றதோடு சரி, தரை ஒரே மட்டமாகவா இருந்தது? பாட்டி சொன்னது அதைத்தான். திறந்திருக்கவேண்டும் என்ற அந்த ஒன்றையும் கடைக்காரர்கள் எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. சாமானை அடுக்கி வைத்தார்கள், தையல் இயந்திரம் போட்டார்கள். 1888இல் நடைபாதையைக் காலிசெய்யச் சொன்னபோது கலவரமே நடந்தது.

நம் வரிசையிலும் அந்தப் பிரச்சினை இருக்கிறது. ஒருவர் பூக்கூடையைச் சரியாக இரண்டு கடை சேரும் கோட்டின்மேல் ஒட்டிவிட்டார். பிரிக்கும்போது கூடை எந்தக் கட்டடத்தோடு போவது? கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரு குமிழ் காலியாக விடுங்கள், அது போதும்.

ஆகஸ்ட் 4

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு. "வேறு வழியில்லை" என்று எழுதியிருந்தேன், அதைத் திரும்பப் பெறுகிறேன்.

பழைய கடைவீடுகளில் இரண்டு வீட்டுக்கு நடுவில் ஒரே சுவர்தான். இந்த வீட்டு உத்திரமும் அதில்தான் ஊன்றும், அந்த வீட்டு உத்திரமும் அதில்தான் ஊன்றும். நேற்று ஒரு கடைவாசலில் கோப்பி குடித்துக்கொண்டே எதிர் வரிசையை எண்ணிக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. நம் விதி பிளேட்டுக்குத்தான், கட்டடத்துக்கு இல்லை. 32 குமிழ் பிளேட்டில் உங்கள் 19 வரட்டும். மிச்சம் 13. அதில் சின்னக் கடை ஒன்று வரட்டும், பொதுச் சுவர் உங்களுடையதாகவே இருக்கட்டும். வெளிப்பக்கம் இரண்டிலும் துளை விதிப்படி இருந்தால் போதும். ஆறு மாதமாக இதை நான் பார்க்கவில்லை, மன்னியுங்கள். 19ஐக் குறைக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தாத்தா கடைக்குப் பக்கத்தில் என்ன கடை இருந்தது என்று வீட்டில் கேட்டுச் சொல்லுங்கள். 13ஐ நான் கட்டுகிறேன்.

ஆகஸ்ட் 11

தையல்கடையாம். அப்பா சொன்னாராம். இயந்திரம் ஐந்தடி நடைபாதையில்தான் இருக்கும், தையல்காரர் பனியனோடு உட்கார்ந்திருப்பார் என்றாராம்.

அக்டோபர் 6

13 குமிழில் கட்டுவது எளிதில்லை. ஒற்றைப்படை அகலத்தில் ஜன்னலை நடுவில் வைக்கப் பார்த்தால் இரண்டு குமிழ் ஜன்னல் நடுவில் நிற்காது. அரைக் குமிழ் தள்ளிப்போகும். அதற்காகவே நடுவில் ஒற்றைக் குமிழ் உள்ள ஜம்பர் பிளேட் இருக்கிறது, அதை வைத்துத் தள்ளினேன். மரச் சட்டக் கதவுகளுக்குக் கிரில் டைல், பச்சை நிறம் 24 தேவைப்பட்டது, என்னிடம் 17. மீதி ஏழை பழைய ரயில் பெட்டியிலிருந்து கழற்றினேன்.

நாட்பட்ட பழுப்புச் செங்கல் எடுக்கும்போது கவனம். பல்லால் கடித்துப் பிரிக்காதீர்கள், ஆரஞ்சுப் பிரிப்பானைப் பயன்படுத்துங்கள். அந்தச் செம்பழுப்பு நிறம் சில வருடத் தயாரிப்புகளில் பிஸ்கட் மாதிரி உடைகிறது. எனக்கு இந்த வாரம் மூன்று போய்விட்டன.

தையல் இயந்திரத்தைத்தான் மூன்றுமுறை மாற்றிக் கட்டினேன். கறுப்பு ஒரு குமிழ்த் துண்டுகளில் உடம்பு, பக்கத்தில் சக்கரத்துக்கு வட்ட டைல். மேசைக்கடியில் மிதிப்பலகை வைக்க இரண்டு குமிழ் ஆழம்தான் இருந்தது. கிரில் டைல் ஒன்றைச் சாய்த்து வைத்தேன், மிதிப்பலகையாகிவிட்டது.

பூக்கடைக்காரர்களுக்கு ஒரு குறிப்பு: ஒரு குமிழ்ப் பூக்களை வெள்ளை, வெள்ளை, சிவப்பு, வெள்ளை, வெள்ளை, சிவப்பு என்று ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகினால் தொங்கும் மாலை. மஞ்சளைக் கலந்தால் தூரத்திலிருந்து சாமந்தி.

நவம்பர் 3

தீபாவளிக் காட்சி நேற்று. பதினான்கு பிளேட் நீளம், இரண்டு மேசை, 358 செண்டிமீட்டர் கடைவீட்டு வரிசை. இந்தமுறை மேசைகள் எல்லாம் ஒரே அகலம். பலகைத் துண்டு இரண்டு மட்டும் தேவைப்பட்டது.

தம்பி எட்டரைக்கு வந்தார். மளிகைக் கடையைச் சமையலறை பிளாஸ்டிக் தாளில் சுற்றி, துண்டு போர்த்தி, டாக்சியில் மடியில் வைத்தே கொண்டுவந்திருந்தார். கூரை ஓடு நாலைந்து உதிர்ந்திருந்தது, அவ்வளவுதான். அவர் கட்டடத்தின் அடியில் ஒரு செங்கல், ஒரு பிளேட். என்னுடையதும் அப்படியே. பிளேட்டில் அவர் 19ஐ வைத்தார், நான் 13ஐ வைத்து அவர் சுவரோடு ஒட்டித் தள்ளினேன். "டிக்" என்று உட்கார்ந்தது.

அவர் தரையை ஒரு பிளேட் ஏற்றியிருந்தார். நான் ஏற்றவில்லை. மளிகைக் கடையிலிருந்து தையல்கடைக்கு வருகிறவர் ஒரு படி இறங்கவேண்டும். அந்த இடத்தில் யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, மதியம் பார்த்தபோது சேலை நிறத்தில் உடம்பும் கையில் குடமுமாக ஒரு மினிஃபிக் நின்றுகொண்டிருந்தது, கோட்டிலிருந்து சரியாக ஒரு குமிழ் தள்ளி.